கண்டக்டர் தங்கையனின் ஒற்றை விசில்

பேய், ஆவி, அமானுஷ்யம் இதிலெல்லாம் எனக்கு அப்போதும் நம்பிக்கை கிடையாது, இப்போதும் பெரிதாகக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் பாதியில் சிரிக்கக் கூடாது. நான் இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைக்காரி. எங்கள் ஊரில் கடலுக்குப் போய்த் திரும்புகிற ஆண்கள், அங்கே வெளிச்சம் பார்த்தேன் இங்கே குரல் கேட்டேன் என்று கதை கதையாகச் சொல்வார்கள். நான் அதைக் காதில் வாங்காமல் "அது கெடக்கட்டு, மீன் எங்க?" என்று கேட்கிற ரகம்.

அதுவும் மற்றவர்களுக்கு ஆவி வந்தால் அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளை என்று ஒரு முறையோடு வருகிறது. எனக்கு வந்தது காலை பதினோரு மணிக்கு, சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, கிறிஸ்மஸ் கேரல் பாட்டுக்கு நடுவில். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் செலின். சுனாமி வருவதற்கு முன்பு வரை நான் மீன் விற்றவள். கரையில் மீன் எடுத்து, பெரிய ஓலைக் கடவத்தில் அடுக்கித் தலையில் ஏற்றி, நாகர்கோவில் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டுக்குப் போவேன். ரப்பர் மரத்தில் பால்வெட்டித் திரும்புகிற பெண்கள் எனக்காகக் காத்திருப்பார்கள். மலையில் இருப்பவர்களுக்கு மீன் என்றால் உயிர். ஆனால் மீன்காரியை பஸ்ஸில் ஏற்றுவதென்றால் எந்தக் கண்டக்டருக்கும் முகம் கோணும், நாற்றம் என்பார்கள், அடுத்த வண்டி என்பார்கள். நானும் விட மாட்டேன், கடவத்தைப் படியில் வைத்து அதை அணைத்துக்கொண்டு பின்வாசலில் தொங்கியாவது போய்விடுவேன்.

அப்படித் தொங்கிக்கொண்டு போன ஒரு மழை நாளில்தான் கண்டக்டர் தங்கையன் ஒரே ஒரு நீள விசில் ஊதி, ரப்பர் தோட்டத்து வளைவில் வண்டியை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார்.

"ஏட்டி, எறங்கு. படியில நிக்காதேன்னு எத்தன தடவ சொல்லுகது?"

"சாரே, மழையில மீனெல்லாம் வீணாப் போவும் சாரே."

"மீனு போனா நாளைக்கும் மீனு வரும். நீ போனா வருவியா? எறங்கு."

இறங்கினேன். ரெண்டு விசில் ஊதினார், பஸ் போய்விட்டது. அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் மழையில் நின்றேன், அட்டைக்கடி வேறு. அன்று அந்த மனிதரை நான் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட பாதியைத்தான் சொன்னேன். இடது புருவத்துக்கு மேல் இருந்த வெட்டுத் தழும்பு உட்பட அந்த முகம் எனக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டது.

சுனாமிக்குப் பிறகு எனக்குக் கரைக்குப் போகவே பிடிக்கவில்லை. சில வருஷம் அங்கே இங்கே வேலை பார்த்து, கடைசியில் நாகர்கோவிலுக்குத் தெற்கே, மறதி நோய் உள்ள பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் சேர்ந்தேன். எட்டுப் பேர் அங்கே தங்கியிருந்தார்கள். பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோனவர்கள். அவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று மாற்றுவதுதான் எங்கள் வேலையில் முக்கால்வாசி. எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. முப்பது கிலோ கடவத்தைத் தலையில் வைத்து பஸ்ஸுக்கு ஓடியவளுக்கு, எலும்பும் தோலுமாக இருக்கிற ஒரு ஆளைத் தூக்குவதா கஷ்டம்? அக்குளில் கை கொடுத்து ஒரு தம் பிடித்தால் முடிந்தது.

முதல் நாளே ஒரு பெரியவரை அப்படித் தூக்கும்போது பிடிபட்டேன். இல்லத்தைப் பார்த்துக்கொண்டது புளோரா சிஸ்டர், குவைத்தில் இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவர், ஒல்லி உடம்பு, குரல் மட்டும் கோயில் மணி.

"செலினே! அது மீன் கடவம் இல்ல கேட்டியா, மனுஷன்!"

அன்று சாயங்காலமே என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கூட வேலை பார்த்த சுதாவைக் கூப்பிட்டு, "இவள நீ அக்குளில கை குடுத்துத் தூக்கு பாப்போம்" என்றார். சுதா கீரிப்பாறை எஸ்டேட் லயத்து வீட்டில் வளர்ந்த பெண், பலசாலி. தூக்கினாள். அம்மா! தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போல இருந்தது, நான் அலறிய அலறலில் உள்ளே ஒரு பெரியவர் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "இதத்தான் நீ காலையில அவருக்குச் செய்த. ஒனக்கு வாயி இருக்கு, கத்துன. அவருக்கு என்ன நடக்குதுன்னே தெரியாது, பயந்து அடிக்கத்தான் செய்வாரு" என்றார் சிஸ்டர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு சிஸ்டர் சொல்லிக்கொடுத்த முறைதான். கட்டில் உயரத்தை இறக்கி இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். வீல்சேர் பிரேக்கைப் போட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும், கால் வைக்கும் தகட்டை ஒதுக்க வேண்டும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைத்தான் பிடிக்க வேண்டுமே தவிர கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முன்னால் வந்து, கண்ணுக்கு நேரே குனிந்து, ஒரு நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லிக் காத்திருக்க வேண்டும். அவர்கள் மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்படி முன்னால் சாய்ந்தால், உடம்பு தானாகவே எழும்பும். எல்லாவற்றுக்கும் மேலே, கண்டிப்பாக இரண்டு ஆள். யாராக இருந்தாலும் தனியாகக் கூடாது. எனக்கு இந்த ரெண்டாள் சட்டம்தான் எரிச்சல். சுதா வரும்வரை காத்துக்கொண்டு நிற்பது என்பது எனக்குக் கீரிப்பாறை வளைவில் மழையில் நின்ற மாதிரியே இருக்கும்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது, ஒரு பெண் தன் அப்பாவைக் கொண்டுவந்து சேர்க்கிறாள். நான் பார்க்கிறேன், இடது புருவத்துக்கு மேலே வெட்டுத் தழும்பு. தங்கையன்! எண்பதை நெருங்கிய கிழவர், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத பார்வை. எனக்கு அவரைத் தெரிந்தது, அவருக்கு என்னைத் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்தான் வந்தது.

அந்த சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. மனுஷன் எழும்ப மாட்டார். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தால் பிடித்ததுதான், உடம்பு விறைத்துப் பலகை மாதிரி ஆகிவிடும். பேசிப் பார்த்தோம், கெஞ்சினோம், பெல்ட் கட்டினோம், ஒன்று ரெண்டு மூன்று எண்ணினோம். ஒரு வாரத்தில் என் கையில் எட்டுக் கிள்ளல், சுதாவுக்கு ஒரு கடி. இப்படியே விட்டால் கால் முடங்கிப் படுக்கையிலேயே கிடந்துவிடுவார் என்று சிஸ்டருக்குக் கவலை. மகளிடம் போனில் கேட்டார், அப்பாவுக்குப் பிடித்த சாமான் ஏதாவது இருந்தால் கொண்டு வா என்று. அவள் கொண்டுவந்தது ஒரு தோல் பையும் கறுப்புக் கயிறு கட்டிய ஒரு பித்தளை விசிலும்.

சிஸ்டர் ஆசையாக அதை வாங்கி அவர் முன்னால் போய் நின்று 'பீ...' என்று நீளமாக ஒரு ஊது ஊதினார். அவ்வளவுதான், மனுஷன் முன்னைவிட விறைத்துப்போனார், மூச்சுகூட விடவில்லை. சிஸ்டர் மறுபடி ஊத, அவர் இன்னும் இறுக, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிஸ்டர், குவைத்துல பஸ் எப்பிடியோ எனக்குத் தெரியாது. இஞ்ச ஒரு விசிலுக்கு வண்டி நிக்கும். ரெண்டு விசிலுக்குத்தான் போவும்."

விசிலை வாங்கி, சேலை முந்தானையில் துடைத்து, நான் ஊதினேன். பீ, பீ. குட்டியாக ரெண்டு.

கம்பியிலிருந்து கை விட்டது. முதுகு முன்னால் சாய்ந்தது, மூக்கு கால்விரலுக்கு நேரே வந்தது, "ரைட்!" என்றார் தங்கையன், எழுந்து நின்றுவிட்டார். நாங்கள் பெல்ட்டைத் தொட்டுக்கொண்டிருந்தோமே தவிர, பிடிக்கவே இல்லை. சிஸ்டர் அழுதுவிட்டார். சுதா கைதட்டினாள். நான் எதிரிக்கு உதவி செய்துவிட்டோமே என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பிறகு நானும் கைதட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் இல்லம் பஸ்ஸாகிவிட்டது. விசிலை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டோம். காலையில் அவரை எழுப்ப நான் வாயாலேயே ரெண்டு விசில் அடிப்பேன், அதன்பிறகு அன்றைய வண்டி அவர் பொறுப்பு. ஹாலின் பின்வாசல் நிலையைப் பிடித்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் யாரையாவது எழுப்பத் தயாரானால் ரெண்டு விசில், அந்த ஆள் "ரைட்" சொல்லி எழுந்துவிடுவார். முன்னாள் கிராம அலுவலர் முதல் ஒரு மூதாட்டி வரை எல்லோருக்கும் அது பழகிவிட்டது. வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் போன சனங்கள்தானே, மறந்துபோகாத இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. யாராவது கைத்தடி இல்லாமல் எழுந்தால், யாருக்காவது முழங்கால் தளர்ந்தால், வீல்சேர் தகட்டை ஒதுக்க நாங்கள் மறந்தால், நீளமாக ஒரே விசில். உடனே எல்லோரும் அப்படியே நிற்பார்கள், கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்துவார்கள். சில நாள் குஷி வந்தால் எழுந்து எங்கள் தோளைப் பிடித்தபடி வரிசையாக டிக்கெட் கொடுத்துக்கொண்டு வருவார், வெறும் கையால்தான். எல்லோரும் விரலைக் குவித்துக் கையை நீட்டி, இல்லாத டிக்கெட்டை வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொள்வார்கள். அந்த ஒன்றரை வருஷமும் எங்கள் இல்லத்தில் ஒருவர்கூட விழவில்லை.

எனக்கு மட்டும் தனிக் கவனிப்பு. சுதா வருவதற்குள் நான் யாரையாவது தனியாகத் தூக்கப் போனால், அவருக்கு எங்கிருந்துதான் தெரியுமோ, ஒற்றை விசில் வந்துவிடும். கூடவே ஒரு சத்தமும்: "ஏட்டி, படியில நிக்காதே!" மகள் பெயர் தெரியாது, சாப்பிட்டோமா இல்லையா என்று தெரியாது, நான் படியில் நிற்பது மட்டும் தெரியும். என்னை அடையாளம் தெரிந்துதான் சொல்கிறாரா என்று பல தடவை முகத்தை உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்த மனிதர்மேல் இருந்த கோபம் எப்போது போனதென்று எனக்கே தெரியாமல் போய்விட்டது, மத்தியானம் அவருக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பவள் நானாகத்தான் இருந்தேன்.

டிசம்பர் பிறந்த முதல் வாரத்தில் தங்கையன் தூக்கத்திலேயே போய்விட்டார். கஷ்டப்படவில்லை. மகள் அந்த விசிலை அவருடைய சட்டைப் பையில் வைத்தாள், கயிற்றைச் சுருட்டிப் பொத்தான் போட்டது நான். சவப்பெட்டியை மூடும்போதும் நான் பக்கத்தில் நின்றேன். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்கே பிறகு தெரியும். இல்லத்தில் வேறு விசில் கிடையாது, வாயால் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் பழையபடி ஒன்று ரெண்டு மூன்று எண்ண ஆரம்பித்தோம், மீதி எட்டுப் பேரும் பாவம், எழுவதற்கு முன் பின்வாசலைப் பார்ப்பார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்பு. கேரல் பாட ஒரு கோயில் குழு வந்திருந்தது, கித்தார், மேளம் எல்லாம் உண்டு. ஹாலில் கலர்த்தாள் தொங்கவிட்டு, கேக் வெட்டித் தயாராக வைத்திருந்தோம். அன்றைக்கு இன்னொரு விசேஷமும் இருந்தது. எங்களிடம் இருந்த ஞானம்மை டீச்சருடைய மகன் ஜஸ்டின் மஸ்கட்டிலிருந்து ஆறு வருஷம் கழித்து வருகிறான். ஞானம்மை தையல் டீச்சராக இருந்தவர், எங்களிடம் வருவதற்கு முன்பே இடுப்பு எலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்தவர். மெலிந்த எலும்பு, இன்னொரு தடவை விழுந்தால் அதன்பிறகு எழும்பவே முடியாது, நிரந்தரமாகப் படுக்கைதான் என்று டாக்டர் சிஸ்டரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த மகன் தன் அம்மாவைப் படுக்கையில் பார்க்கக் கூடாது, நல்ல சேலை கட்டி ஹாலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கப் பார்க்க வேண்டும், அதுதான் என் ஆசை.

ஞானம்மைக்கு மயில்கழுத்துக் கலர் சேலை கட்டி, தலைசீவி, பவுடர் போட்டு முடிக்கும்போது வாசலில் கார் சத்தம். ஜஸ்டின் வந்துவிட்டான். ஹாலில் பாட்டு தொடங்கிவிட்டது. சுதா அங்கே மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிஸ்டர் மகனை வரவேற்கப் போயிருந்தார். பெல்ட் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலை இறக்க நேரமில்லை, ஞானம்மையின் பாதம் தரைக்கு மேல் ஒரு சாண் தொங்குகிறது, இருக்கட்டும். வீல்சேரை இழுத்துப் போட்டேன், பிரேக்கை அழுத்தினேன், ஆட்டிப் பார்க்கவில்லை. பழைய புத்தி. குனிந்து, இரண்டு கையையும் அவர் அக்குளுக்குள் கொடுத்து, தம் பிடித்தேன்.

"மக்கா, பைய... பைய..." என்றார் ஞானம்மை.

அப்போதுதான் என் வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரம்கூட இருக்காது, நீளமாக ஒற்றை விசில்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். யோசித்து நிற்கவில்லை, கை கால் தானாக நின்றது. ஞானம்மையும் நின்றார், கட்டிலை விட்டு அசையவில்லை. ஹாலில் மேளம் அடிக்கிறது, பாட்டுக் கேட்கிறது. நான் கையை எடுத்து நிமிர்ந்து திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை, சன்னல் திரை மட்டும் வெயிலில் இருக்கிறது. இந்த இடத்தில் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ரோட்டில் போன பஸ்ஸாக இருக்கும். எங்கள் பக்கம் பஸ் வருவது காலை எட்டரைக்கும் சாயங்காலம் நாலுக்கும், அதுவும் அரைக் கிலோமீட்டர் தள்ளி.

திரும்பி ஞானம்மையைப் பார்க்கிறேன், வீல்சேர் மெல்ல நகர்கிறது. யாரும் தொடவில்லை. இடது பக்கத்து பிரேக் பிடிக்கவே இல்லை, வலதும் பாதிதான். தண்ணீர் வடிவதற்காக அந்த அறையின் தரை குளியலறைப் பக்கம் கொஞ்சம் சரிவு. அந்தச் சரிவில் நாற்காலி தானாகப் போய் எதிர்ச்சுவரில் 'டொக்' என்று மோதி நின்றது. நான் தூக்கித் திருப்பி உட்கார வைத்திருந்தால் கீழே நாற்காலி இருந்திருக்காது. ஞானம்மை விழுந்திருப்பார், அவர் மேல் நானும் விழுந்திருப்பேன். அங்கே ஹாலில் மகன் காத்துக்கொண்டிருக்கிறான். நான் கட்டிலிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஞானம்மை என் தலையைத் தடவி, "வண்டி நின்னுட்டு மக்கா, இப்பம் போவும்" என்றார்.

ரெண்டு நிமிஷத்தில் சுதா ஓடிவந்தாள். "நீ இஞ்சயா இருக்க? எல்லாரும் கையத் தட்டாம ஒருமாதிரி இருக்காவ, ஒன்ன தேடி வந்தேன்" என்றாள். கொடியிலிருந்து பெல்ட்டை எடுத்து வரச் சொன்னேன், பாதி ஈரம், பரவாயில்லை. கட்டிலை இறக்கினேன். பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. வேறு வீல்சேர் கொண்டுவந்து பிரேக்கைப் போட்டு மூன்று தடவை ஆட்டிப் பார்த்தேன். பெல்ட் கொக்கியை மாட்டப் போனால் என் வலது கை விறைத்து மூடிக்கொண்டிருந்தது, விரலைப் பிரித்துத்தான் மாட்டினேன். ஆளுக்கு ஒரு பக்கம் நின்றோம். ஒன்று ரெண்டு எண்ண வாயைத் திறந்தேன்.

பீ, பீ. அதே காதில். குட்டியாக ரெண்டு.

ஞானம்மையின் மூக்கு கால்விரலுக்கு நேரே வந்தது. "ரைட்!" என்று பள்ளிக்கூடத்துக் குரலில் சொல்லிவிட்டு எழுந்து நின்றார். நின்றதோடு நிற்கவில்லை, நடந்தார். ஏழு மாதமாக ஒரு அடிகூட நடக்காத பெண், எங்கள் இருவருக்கும் நடுவில் ஒவ்வொரு அடியாக வைத்து, ஹால் வாசல்வரை நடந்தார். சுதா வீல்சேரை ஒரு கையால் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தாள், அழுதுகொண்டே சிரிக்கிறாள். நாங்கள் உள்ளே நுழையும்போது எட்டில் மீதி ஏழு பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஜஸ்டின் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் அம்மா நடந்து வருவதைப் பார்த்துப் போனை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடிவந்தான். "அம்மா!" என்று அவன் கட்டிக்கொள்ள, பாடுகிறவர்கள் பாட்டை விட்டுவிட்டு அழ, மேளக்காரர் மட்டும் நிறுத்தத் தெரியாமல் அடித்துக்கொண்டிருக்க, அப்படி ஒரு கிறிஸ்மஸை நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அவருக்கு மகனை அடையாளம் தெரிந்ததா என்று கேட்டால், தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விடவே இல்லை, அவன் ஊட்டிய கேக்கை "கொள்ளாம், கொள்ளாம்" என்று ரசித்துச் சாப்பிட்டார். வலது கையை மட்டும் இறுக்கிப் பொத்தி வைத்திருந்தார்.

"கையில என்னம்மா?" என்று ஜஸ்டின் கேட்டான்.

"டிக்கெட்டு."

விரித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. அவன் சிரித்தான், எல்லோரும் சிரித்தோம்.

அன்று மத்தியானம் சுதாவிடம் மெதுவாகக் கேட்டேன், ரூமில் விசில் சத்தம் கேட்டதா என்று. அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிஸ்டருக்கும் கேட்கவில்லை, பாடினவர்களுக்கும் கேட்கவில்லை. சிஸ்டரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், தனியாகத் தூக்கப் போனதையும் சேர்த்து. அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் "அப்பம், மறதி உள்ள எட்டுப் பேருக்கும் ஒனக்கும் மட்டும்தான் கேட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். அன்று ராத்திரி நான் படுத்துக்கொண்டு என் பிள்ளைகள் பெயர், அண்ணன் பிள்ளைகள் பெயர், ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் பெயர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிப் பார்த்தேன். இப்போதும் சில நாள் சொல்லிப் பார்க்கிறேன்.

இதோடு விட்டிருந்தால் நானும் பிரமை என்று தள்ளியிருப்பேன். அந்த வீடியோதான் விடவில்லை. ஜஸ்டின் ஊருக்குப் போகும்முன் அதை சுதாவின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். சின்ன போன், சின்ன படம். பாட்டு ஓடுகிறது, ஏழு பேரும் கைதட்டுகிறார்கள். திடீரென்று ஏழு பேர் கையும் ஒரே நேரத்தில் நிற்கிறது. விசில் சத்தம் வீடியோவில் இல்லவே இல்லை, கித்தாரும் மேளமும்தான் இருக்கிறது. ஏழு தலையும் பின்வாசல் பக்கம் திரும்புகிறது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, நின்ற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி அமைதியாக இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஏழு பேரும் ஒன்றாக "ரைட்!" என்று மறுபடி கைதட்டத் தொடங்குகிறார்கள். அப்போது எங்களுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

சில வருஷம் கழித்து சுதா கம்ப்யூட்டர் வாங்கின புதிதில் அந்த வீடியோவைப் பெரிதாகப் போட்டுப் பார்த்தோம். கை நின்றதற்கும் "ரைட்" சொன்னதற்கும் நடுவில் இன்னொன்று இருந்தது. பின்வாசல் பக்கம் கடைசி நாற்காலியில் இருந்த கிராம அலுவலர் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார், யாரோ போக வழிவிடுகிற மாதிரி. பிறகு விரலைக் குவித்துக் கையை நீட்டுகிறார், எதையோ வாங்குகிறார், பொத்திக்கொள்கிறார். அடுத்து அவருக்கு முன்னால் இருக்கிற மூதாட்டி நீட்டுகிறார். அடுத்து அதற்கு முன்னால். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் கை எழும்புகிறது. அப்படி வரிசையாகப் பின்வாசலிலிருந்து ஆரம்பித்து, ஞானம்மை டீச்சரின் அறைக்குப் போகிற நடைவாசல் வரை, ஏழு கை. ஏழு பேர் முகத்திலும் ஒரே சிரிப்பு, நமக்குத் தெரிந்த கண்டக்டர் வந்தால் சிரிப்போமே அந்தச் சிரிப்பு. எட்டாவது கை ஞானம்மையுடையது, அதை அன்றைக்கே விரித்துப் பார்த்துவிட்டோம்.

சுதா கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "ஏக்கா, ஒனக்கு டிக்கெட்டு தந்தாரா?" என்று கேட்டாள், பயத்தை மறைக்கத்தான்.

"படியில நிண்ணவளுக்கு ஏது டிக்கெட்டு" என்று நானும் சிரித்துவைத்தேன்.

இப்போதும் அதே இல்லத்தில்தான் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு பிரேக், பெல்ட், பாதம், ரெண்டாள் எல்லாம் நான்தான் சொல்லித் தருகிறேன், சிஸ்டரைவிடக் கடுமையாக. அதன்பிறகு ஒரு நாளும் எனக்கு விசில் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியத்தை நான் வைக்கவும் இல்லை. ஆனால் சுதாவிடம் ஒன்றை நான் சொல்லவில்லை, இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அன்று பெல்ட் மாட்டும்போது மூடியிருந்த என் வலது கையை நான் விரித்தேன் இல்லையா, விரல் ஐந்தும் குவிந்திருந்தது, அந்த ஏழு பேர் கை போலவே. அவசரத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.